ஐந்து விரல் நேரம்

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் அந்தக் காவல்காரரைப் பார்த்தேன். காக்கிச் சட்டை, கீழே வேட்டி. தலைக்கு மேல் 'ஆள் தேவையில்லை' என்று போர்டு. எனக்கு முந்தின நாளிலிருந்து டீ மட்டும்தான். வேலை கேட்டு நின்றேன்.

"அஞ்சு செகண்டு தர்றனுங்க, சொல்லுங்க" என்று கையை உயர்த்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"வணக்கம்ண்ணா, எனக்குச் சொந்த ஊரு..." என்பதற்குள் கை மூடிவிட்டது.

"முடிஞ்சுதுங்க. நாளைக்கு வாங்க."

அப்போது அவர் ஃபோனில் பாட்டுக்கு நடுவே விளம்பரம் வந்தது. அதற்கும் ஐந்து விரலையும் மடக்கிய பிறகுதான் தள்ளிவிட்டார்.

"இது வராமலே தடுக்க எங்கிட்ட ஆப் இருக்குண்ணா. போட்டுத் தரட்டுமா?" என்று ஆசை காட்டினேன்.

"சட்டப்படி தப்புங்களா?"

"போலீஸெல்லாம் வராதுண்ணா."

"வராட்டியும் எப்படீங்க? ஓசியில பாட்டுக் கேக்கறோம். வந்தவன் மூஞ்சியக்கூடப் பாக்காம கதவச் சாத்தறதுங்களா? இந்த வாசல்லயும் மொதலாளி யாரையும் பேசவே விடாதேங்கறாரு. எனக்கு மனசு வர்லீங்க."

மறுநாள், "ஓவர்லாக் டெய்லர்ண்ணா, இப்பவே மெஷின்ல உக்காருவேன்" என்றேன். நாலு விரல் மடங்கியிருந்தது; கட்டைவிரல் மடங்காமல் நின்றது. உள்ளே போய் மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்து கேட்டைத் திறந்தார்.

அந்த ஆப் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. வசதிதான். ஆனால் பாட்டு தடையில்லாமல் ஓடும்போதெல்லாம், வெளியே யாரோ வணக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது.