அக்காவுக்கு வீடு, தம்பிக்கு ஜெயில்

மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் அவனை எல்லாரும் வைண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கேயே ஸ்டோர் சாவி அவனுடைய அக்காவிடம் இருந்தது. செம்புக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுபோகலாம் என்ற யோசனை அவளுடையது. ஒருநாள் கேட்டில் சோதித்தபோது அக்கா, தம்பி இரண்டு பேர் சாப்பாட்டு டப்பாவிலும் கம்பி இருந்தது.

அக்கா சிறு பிள்ளைகளின் தாய், தம்பி பேச்சைக் கேட்டுத் தடம் மாறியவள் என்று சொல்லி நீதிபதி அவளை நன்னடத்தைப் பிணையில் வீட்டுக்கு அனுப்பினார். வைண்டருக்கு இரண்டு வருஷம் ஜெயில். தாயில்லாத மகள் ஒருத்தி அவனுக்கும் இருந்தாள். அவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

‘தம்பி பேச்சைக் கேட்டு’ என்ற வார்த்தைதான் அவனை அரித்தது. சட்டை எடுக்கக்கூட அக்காவைக் கேட்டே பழகியவன் அவன்.

மகள் அக்கா வீட்டில் வளர்ந்தாள். மனு போட்டுப் பார்க்க வந்த அக்கா, ஜெயில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று, “சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாடா. நான்தான் பின்னாடியே பிடிச்சுக்கிட்டு ஓடினேன்” என்றாள்.

அது அவன் ஓடியிருக்க வேண்டிய ஓட்டம்.

“யோசனை உன்னோடதுன்னு ஜட்ஜ்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

“வக்கீல் வாயைத் திறக்காதன்னார். நானும் உள்ள வந்துட்டா இவளை யாரு பாத்துப்பா?”

“அதை என்கிட்ட ஒருத்தராவது கேட்டாங்களா?”

அக்கா கிளம்பிப் போனாள். போனவள் நேராக வக்கீலிடம் உண்மையைச் சொல்லி அப்பீல் போட வைத்தாள். தானே மாட்டிக்கொள்ளக்கூடும் என்று தெரிந்தேதான் செய்தாள். மேல்கோர்ட்டு அவன் தண்டனையைப் பாதியாகக் குறைத்தது. அவளை ஒன்றும் செய்யவில்லை. தீர்ப்பில் அவளுடைய நேர்மைக்குப் பாராட்டு வேறு!

“திருடினதுக்கு வீடு, ஒத்துக்கிட்டதுக்குப் பாராட்டு. எனக்கு மட்டும் களி” என்று பக்கத்தில் இருந்த கைதியிடம் பொருமினான். நன்றி சொல்லியிருக்க வேண்டியவன்தான். வாய் வரவில்லை.

வெளியே வந்த அன்று மகள் ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிறகு திரும்பி, “அத்தை, அப்பா நம்ம வீட்லயே இருக்கலாமா?” என்று அனுமதி கேட்டாள்.

அக்காவுக்குத் தையல் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஜெயிலுக்குப் போனவன் என்று அவனை எந்தப் பட்டறையும் சேர்க்கவில்லை. அக்கா இருக்கச் சொல்லியும் கேளாமல் அடுத்த தெருவில் அறை பிடித்து, பழைய ஃபேன்களுக்குக் காயில் கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறான். மகள் அவனிடம் சாப்பிடுவாள். தூங்க மட்டும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். போகாதே என்று சொல்ல அவனுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.