என் மகளைக் கொண்டுபோன பஸ்

என் மகள் ரீத்தாவை நான் ஒரு முறை தொலைத்திருக்கிறேன். முக்கால் மணி நேரம். அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பங்குச் சாமியார், "உள்ளேயே வைத்துக்கொண்டு தவிக்காதீர்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள்" என்று இரண்டு வருடமாகச் சொல்லி வருகிறார். அதனால் சொல்கிறேன். என் குற்றத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

1971, கோடை விடுமுறை. நான் கும்பகோணம் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியன். அப்போது வயது நாற்பத்தைந்து. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை ரீத்தா. அவளுக்கு நாலு வயது. சென்னை ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை லூர்து, தன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு என்னை ஞானத்தகப்பனாக நிற்கக் கூப்பிட்டிருந்தாள். என் மனைவி மஞ்சள் காமாலையில் படுத்திருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவளால் முடியாது. ஆகவே ரீத்தாவைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் புறப்பட்டேன்.

பட்டணத்தில் பிள்ளை பிடிக்கிறார்கள், பாலத்துக்குப் பலி கொடுக்கிறார்கள், கண்ணைக் குருடாக்கிப் பிச்சைக்கு உட்கார வைக்கிறார்கள் என்று எங்கள் ஆசிரியர் அறையிலேயே பேசிக்கொள்வார்கள். வகுப்பில் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிக்கொடுத்தவன் நான். ரயில் ஏறியதும் அத்தனையையும் நம்பினேன். பிள்ளையின் சங்கிலியைக் கழற்றி என் பனியனுக்குள் ஊக்குக் குத்தி வைத்தேன். வழி நெடுக அவளுக்கு ஒரே பாடம்தான்.

"யார் கேட்டாலும் பேர் சொல்லக் கூடாது. அப்பா பேரும் சொல்லக் கூடாது. எங்க போறோம்னும் சொல்லக் கூடாது. சொன்னா அப்புறம் அப்பாவைப் பார்க்கவே முடியாது."

நாலு வயதுப் பிள்ளை. கண்ணை அகல விரித்துத் தலையை ஆட்டினாள்.

சொந்த வண்டி இல்லாதவன் சின்னப் பிள்ளையோடு அந்த ஊரைச் சுற்றுவது லேசில்லை. தோளில் பிள்ளை, கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் குடை. பஸ் வரும் நேரத்தில் அவளுக்கு ஒன்றுக்கு வரும். ரிக்‌ஷாக்காரர்கள் கூப்பிட்டால் ஏற மாட்டேன். வேறு சந்துக்குள் திருப்பிவிட்டால் என்ன செய்வது? நடந்தே போவேன். குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது. லூர்து சிரித்தாள்.

"அண்ணே, நான் ஆறு வருசமா இங்கதான் குடியிருக்கேன். என்னை எவன் புடிச்சுட்டுப் போனான்?"

நான் பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை, திருவொற்றியூரில் இருந்த எங்கள் உறவினர் ஒருவரை ஞானஸ்நானத்துக்கு அழைத்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு ராயபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அது ஆலைகள் விடும் நேரம் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நிறுத்தங்களுக்குள் எண்ணெய்க் கறை படிந்த சட்டைகள் என்னை நாலு பக்கமும் நெருக்கிவிட்டன. ரீத்தா என் தோளில் மூச்சுத் திணறி அழுதாள்.

பெண்கள் பக்கத்தில் காலி மீன் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இன்னா சார், புள்ள நசுங்குது பாரு. இப்டி குடு, மடில குந்தவச்சிக்கிறேன்."

"வேண்டாம்மா, பரவாயில்லை."

"அய்யே! நா இன்னா துன்னவா போறேன் உன் புள்ளய?"

பஸ்ஸே சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "சாரு புள்ளய பாங்கிலதான் போட்டு வைப்பாரு" என்றான். அந்த ஊர் பஸ்ஸில் நிற்பவர் பிள்ளையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்வது வழக்கம், யாரும் கேட்டுக்கொண்டுகூட இருக்க மாட்டார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. என் கண்ணுக்கு அந்த அம்மாளின் வெற்றிலைக் கறை படிந்த பல்லும் கூர்மையான பார்வையும்தான் தெரிந்தன. இறுக்கிப் பிடித்தேன். பிள்ளை இருமினாள். பக்கத்தில் நின்றவர் பொறுக்க முடியாமல் அவளை என் தோளிலிருந்து தூக்கிவிட்டார். தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறி அவள் அந்த அம்மாளின் மடிக்குப் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய பச்சைக் கவுன் மட்டும் எனக்குத் தெரிந்தது. அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் பத்துப் பேர் இறங்க வேண்டும். நெரிசல் தள்ளித் தள்ளி நான் படிக்கட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். "எறங்கி வழி வுடு சார்" என்றார் கண்டக்டர். இறங்கி ஒதுங்கினேன். இறங்கினவர்களுக்குப் பின்னாலேயே ஏறுகிறவர்கள் முண்டியடித்தார்கள். கண்டக்டர் உள்ளே எங்கோ இருந்தார். விசில் அடித்தது. பஸ் போய்விட்டது.

ஓடினேன். கத்தினேன். செருப்பு அறுந்தது. லாரிகளுக்கு நடுவே பஸ் மறைந்தது.

அப்போது ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் பீடியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா வாத்யாரே, இன்னா ஆச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வாத்தியார் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? காலையிலிருந்து என் பின்னால் வருகிறானா? அந்தப் பொம்பளையும் இவனும் ஒரே கூட்டமா? அந்த ஊரில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தெரியாத முட்டாள் நான். "ஒன்றுமில்லை, போய்யா" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். அவர் போகவில்லை. வண்டியை உருட்டிக்கொண்டு கூடவே வந்தார். அவர் கூட வர வர எனக்குப் பயம் கூடியது. போலீஸிடம் போகலாம் என்றால் ஸ்டேஷன் எங்கே என்று யாரிடம் கேட்பது? கேட்டால் ஏமாற்றுவார்களே! இப்படியே இருபது நிமிடத்துக்கு மேல் வீணாக்கினேன். என் பிள்ளையின் இருபது நிமிடம்.

ஒரு மதில் சுவரில் நெற்றியை முட்டி நின்றுவிட்டேன். மங்கள வார்த்தை ஜெபம் பாதிக்கு மேல் வரவில்லை. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாரைக் கூப்பிட்டேன். பிறகு என் சொந்த வார்த்தையில் சொன்னேன்: "ஆண்டவரே, பதினான்கு வருடம் கழித்துக் கொடுத்தீர். இப்படி வாங்கிக்கொள்ளாதேயும். எனக்கு யாராவது ஒருவரை அனுப்பும்."

கண்ணைத் திறந்தேன். ரிக்‌ஷாக்காரர் நின்றுகொண்டிருந்தார். பீடியைக் கீழே போட்டிருந்தார்.

"சொல்லு நைனா. அயுவாத. இன்னா போச்சு?"

"என் பிள்ளை" என்றேன். அதற்கு மேல் எல்லாம் தானாக வந்தது.

"அடப்பாவி மனுசா! இத்தினி நேரம் வாய்ல இன்னா வச்சிகினு இருந்த? ஏறி குந்து!"

ஏழுமலை என்று பேர் அவருக்கு. மிதித்தார் மிதித்தார், அப்படி மிதித்தார். எதிரே வந்த ஒரு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, "பச்ச கவுனு போட்ட பாப்பா எதுனா பாத்தியா?" என்று கத்தினார். அந்தக் கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"அதோட அப்பனத்தான்யா ஸ்டாப்பு ஸ்டாப்பா கேட்டுகினு வரேன்! காசிமேட்டு ஸ்டாப்புல கீது. மீங்கார அம்மாகிட்ட. சீக்கிரம் போ, அங்க பேஜாரா கீது."

ரீத்தா போன பஸ்ஸும் இந்தப் பஸ்ஸும் எதிரெதிரே வந்து பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது கண்டக்டர்கள் செய்தி கைமாற்றியிருக்கிறார்கள். என்னை ஒரு சாலையே தேடிக்கொண்டிருந்தது. நான் யாரிடமும் வாய் திறக்காமல் நடந்திருக்கிறேன்.

காசிமேட்டு நிறுத்தத்தில் கூட்டம். "புள்ள புடிக்கிறவ," "போலீசக் கூப்டு," என்று குரல்கள். வழி நெடுக என் மனதில் ஓடிய அதே வார்த்தை. நடுவில் அந்த மீன்கார அம்மாள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். கூட்டம் பிடித்து இழுத்ததில் புடவைத் தலைப்பு கிழிந்திருந்தது. மடியில் ரீத்தா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பாய்ந்து போய்க் கையை நீட்டினேன்.

"நில்லு! யார் நீ?"

"நான்தான் அப்பா. இவள் பேர் ரீத்தா. பஸ்ஸில் பார்த்தீர்களே..."

"அந்த நெரிசல்ல நூறு மூஞ்சி பாத்தேன். வர்றவன் போறவன்லாம் அப்பன்னா குட்த்துடுவேனா? பேரு கேட்டா இது வாயத் தொறக்கல. அயுதுகினே கீது, ஆனா சொல்ல மாட்டேங்குது. எந்தக் கஸ்மாலமோ நல்லா மெரட்டி வச்சிகீது."

கூட்டம் என்னைப் பார்த்தது. பள்ளியில் பிள்ளைகள் எழுந்து நின்று வணங்கும் மனிதன் நான்.

"அந்தக் கஸ்மாலம் நான்தாம்மா" என்றேன்.

அந்த அம்மாள் என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு பிள்ளையின் கன்னத்தை மெல்லத் தட்டினார். "கண்ணு, யார் வந்துகீறாங்க பாரு." ரீத்தா விழித்தாள். என்னைக் கண்டதும் உதடு துடித்தது.

"அப்பா, நான் யார்கிட்டயும் சொல்லலப்பா."

வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அந்த அம்மாளைத் திட்டிக்கொண்டிருந்தவர்களிடம், தவறு முழுவதும் என்னுடையது என்று நடுரோட்டில் கைகூப்பிச் சொன்னேன். அவர் பேர் பவுனம்மா. "சரி சரி, புள்ளைக்கு மொதல்ல ஒரு டீ வாங்கிக் குடு, பசியா கீது" என்று சொல்லிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். ஏழுமலை எங்களை லூர்து வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார்.

அன்பான சகோதர சகோதரிகளே, நான் இன்னும் பயந்தவன்தான். கூட்டமான பஸ் வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்கு நிற்கிறேன். ஆனால் ரீத்தாவுக்கு இப்போது தன் பேரும், ஊரும், அப்பா பேரும் உரக்கச் சொல்லத் தெரியும். என் வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் தெரியும். பவுனம்மாவுக்காகவும் ஏழுமலைக்காகவும் தினமும் எங்கள் வீட்டில் ஜெபமாலை சொல்கிறோம். அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என் ஆண்டவருக்கு அவர்களைத் தெரிந்திருந்தது.

நான் கேட்பதற்கு முன்பே அவர் ஆள் அனுப்பிவிட்டார். இருபது நிமிடம் என் பக்கத்திலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்த அந்த ஆளைத்தான் நான் "போய்யா" என்று விரட்டினேன். இன்று தாங்க முடியாத கஷ்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மன்றாடுங்கள், அவர் கேட்கிறார். மன்றாடி முடித்ததும் கண்ணைத் திறந்து, பக்கத்தில் நிற்பவர் "என்ன ஆச்சு?" என்று கேட்டால், தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.