ஒரு பிடி கிடக்கட்டும்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுபவள். இப்படி எழுத உட்கார்ந்ததற்குப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் முதலாளி இறந்து இரண்டு பெருநாள் கடந்துவிட்டது. ஆனாலும் கம்ப்யூட்டரில் தடித்த எழுத்தில் ஒரு வரியைக் கண்டால் இன்றும் என் பின்கழுத்து சில்லிடுகிறது. திறக்காத மெயில் தடித்து நிற்கும், திறந்ததும் மெலிந்துவிடும். எல்லோரும் தினமும் பார்ப்பதுதான். எனக்கு அது அப்படிப் பார்த்துவிட்டுப் போகும் வரி அல்ல.

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் வாங்கி விற்கும் அவருடைய கடையில் மெயில் பார்ப்பது என் வேலை. முதலாளியும் எங்களைப் போலத் தமிழ் பேசும் குடும்பம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மிளகைக் கடித்து ருசி பார்த்துக்கொண்டே மெயில் படிப்பார். கிடங்கில் எந்தச் சாக்கையும் உதறிக் காலிசெய்ய விடமாட்டார். “காலிச் சாக்கைத் தேடி ஆள் வராது மோளே. ஒரு பிடி கிடக்கட்டும்” என்பார். மெயிலுக்கும் அதே சட்டம்தான். மிளகுக்கு ஒன்று, சுக்குக்கு ஒன்று, வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒன்று, அவருக்கென்று ஒன்று என நான்கு கணக்குகள். ஒவ்வொன்றிலும் அன்று கடைசியாக வந்த மெயிலைப் படித்து முடித்தபிறகு, படிக்காததாக மாற்றி, தடித்த எழுத்தில் நிறுத்திவிட்டுத்தான் எழுந்திருப்பார். பக்கத்து மேசையில் இருந்த எனக்கு மட்டும் தெரிந்த வழக்கம் அது.

ஒரு மழைக்காலத்தில் பக்கவாதம் அவரைச் சாய்த்தது. பேச்சும் போயிற்று. தேவராவில் மகனுடைய வீட்டில் கிடத்தினார்கள். இனி அவருக்கு எதுவும் புரியாது என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். கடையை ஏற்ற மகன் என்னிடம், “இத்தா, நாலு கணக்கையும் தனித்தனியா திறந்து கஷ்டப்பட வேண்டா. எல்லாம் ஒரே புரோகிராம்ல வரட்டும். எது வேணும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றார்.

பிராட்வே கடைத்தெருவிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் இரண்டு புரோகிராம்களைப் பற்றிச் சொன்னார். முதலாவது, மெயிலை இருந்த இடத்திலேயே விட்டுவைத்துக் காட்டும். யார் எந்தக் கருவியில் திறந்தாலும் மற்றதிலும் அது தெரியும். இரண்டாவது, எல்லாவற்றையும் எங்கள் கம்ப்யூட்டருக்கே இழுத்துக்கொள்ளும். வெளியே எதுவும் மிஞ்சாது. முதலாவதைப் போட்டுப் பார்த்தோம்.

அன்று முதல்முறையாக நான்கு கணக்கிலும் ஒன்று விடாமல் எல்லா மெயிலையும் படித்து மெலியவைத்துவிட்டுக் கடையைப் பூட்டினேன். காலையில் வந்து திறந்தபோது நான்கு கணக்கிலும், நான் படித்துவிட்ட கடைசி மெயில் மறுபடி தடித்து நின்றது. பூட்டு பூட்டியபடியே இருந்தது, சாவி என் பையில் இருந்தது. முதலாளியின் நாற்காலியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன். மழை ஈரம் ஏறி ஜில்லென்றிருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். கதவைத் திறக்கும்முன், பயம் விலக ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினேன்.

கம்ப்யூட்டர்காரரிடம் சொன்னதற்குச் சிரித்தார். “அக்கா, உங்க மெஷின்ல ஜின்னு குடி வந்திருக்கு. வாடகை வாங்கிக்குங்க.” பிறகு புரோகிராமில்தான் ஏதோ கோளாறு, இரண்டாவதையே போட்டுவிடலாம் என்றார். மகன் சரி என்றார். இரண்டு நாள் கழித்து வருவதாக ஏற்பாடு.

அன்று மாலை முதலாளியைப் பார்க்க தேவராவுக்குப் போனேன். மல்லாந்து கூரையைப் பார்த்துக் கிடந்தார். இடது கையில், நான்கு மெயில் கணக்கும் போட்டுவைத்திருந்த அவருடைய போன் இருந்தது. கட்டைவிரல் மட்டும் அதன்மேல் மெல்ல நகர்ந்து, நின்று, அழுத்தியது. அவரைப் பார்த்துக்கொள்ளும் இடுக்கிக்காரப் பெண், “அதை வாங்கினா அழுவாரு சேச்சி. அதான் சார்ஜ் போட்டுக் கையில கொடுத்துடுறது. பாவம், ஒண்ணும் மனசிலாகாது” என்றாள். அவர் காதருகிலேயே சொன்னாள்.

பேய் என்று எண்ணியபோது கூட நான் அவ்வளவு நடுங்கவில்லை. விரல் வெறும் பழக்கத்தில் நகர்கிறதா, இல்லை உள்ளே ஆள் விழித்திருக்கிறாரா? விழித்திருந்தால், இத்தனை மாதமாகக் கட்டிலைச் சுற்றி நின்று நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டல்லவா கிடந்திருக்கிறார்! இரண்டாவது புரோகிராம் வந்தால் அந்த விரலுக்கு அடியில் எதுவுமே இருக்காது.

மகனிடம் உடனே சொல்லவில்லை. “கைப்பழக்கம்தான் இத்தா” என்று அவர் சொல்லிவிட்டால், இல்லை என்று காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? மறுநாள் காலை, முதலாளியின் சொந்தக் கணக்குக்குத் தமிழில் ஒரு மெயில் எழுதினேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. “முதலாளி, இது புரிந்தால் இன்றைக்குக் கடைசி மெயிலை விட்டுவிட்டு, இந்த மெயிலைத் தடித்த எழுத்தில் நிறுத்துங்கள்.” அனுப்பி, நானே திறந்து மெலியவைத்தேன். அன்று அதற்கு மேலே வேறு மெயில்கள் வந்து குவிந்தன. எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பூட்டினேன்.

முதலாளி போய்விட்டார்; இப்போது அந்த நாற்காலியில் மகன் உட்காருகிறார். கடை அடைக்கும்போது நான்கு கணக்கிலும் ஒவ்வொரு மெயிலை நான்தான் தடிப்பாக்கிவிட்டு எழுகிறேன். மறுநாள் எதுவும் இடம் மாறியிருப்பதில்லை.

அந்த மெயிலுக்கு மறுநாள், மிளகு, சுக்கு, வெளிநாட்டுக் கணக்குகளில் வழக்கம்போலக் கடைசி மெயில் தடித்திருந்தது. சொந்தக் கணக்கில் கடைசி மெயில் மெலிந்திருந்தது; கீழே என்னுடையது தடித்து நின்றது. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு தேவராவுக்குப் போனார். பத்து மணிக்கு வந்த கம்ப்யூட்டர்காரரிடம், பழைய புரோகிராமே இருக்கட்டும் என்று சொன்னேன்.