கதாநாயகிக்குப் பின்னால் நடப்பவர்

போன செவ்வாய்க்கிழமை, நல்ல உச்சிவெயிலில் ஒரு போன்.

சித்தூரில் இது காற்றுக் காலம். கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்றில் எங்கள் வீட்டுக் கதவுகள் தாமாகத் திறக்கும், தாமாக அடைத்துக்கொள்ளும். யாரோ வருகிறார்கள்... யாரோ போகிறார்கள்... நாங்கள் எட்டிப் பார்ப்பதில்லை. பழகிவிட்டது.

"சார், பீர்மேட்டுலேருந்து பேசுதேன். ஞானசெல்வி. எஸ்டேட்ல கொழுந்து எடுக்கிற வேல. நீங்க எழுதுறத விடாம படிப்பேன்."

"சொல்லுங்கம்மா."

"கொரியப் படம் புதுசா பாக்கிறவங்க எதுலேருந்து தொடங்கணும்னு எழுதியிருந்தீங்கள்ல? அதுல ஒரு தையல்கடைக்காரி படம் சொல்லியிருந்தீங்க..."

ஆகா! எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தேயிலைக்காட்டில் ஒரு வாசகி, நான் சொன்ன படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"படம் எப்படி இருந்தது?"

"படத்த நான் எங்க சார் பாத்தேன்? அதுல எங்க வீட்டுக்காரரு நடந்து போறாரு. அதத்தான் பாத்தேன்."

எங்கோ ஒரு கதவு படாரென்று அடைத்துக்கொண்டது.

அந்தப் பத்தியை வாசிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கொரியப் படங்களுக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். டப்பிங் வேண்டாம். அவர்கள் மூச்சு விடும் சத்தம் காதில் விழ வேண்டும். மொழி புரியாதே என்று பயப்பட வேண்டாம். திடீரென்று ஏதோ ஒரு குழந்தை 'அப்பா' என்று கூப்பிடும், நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள். முதல் அரைமணி நேரம் இது காமெடி என்றே நினைப்பீர்கள். போலீஸ்காரர் வழுக்கி விழுவார், ஒரு குடும்பம் உறிஞ்சி உறிஞ்சி நூடுல்ஸ் சாப்பிடும். சிரித்துக்கொண்டே இருப்பீர்கள். எந்த இடத்தில் சிரிப்பு தொண்டையில் மாட்டிக்கொண்டது என்பது மட்டும் கடைசிவரை பிடிபடாது.

நம் பேய்களுக்கு இருட்டு வேண்டும், கொலுசு வேண்டும், தூரத்தில் ஒரு நாய் ஊளையிட வேண்டும். அவர்களுடைய பேய்க்கு ஒன்றும் வேண்டாம். பட்டப்பகலில், சோறு கொதிக்கும் அடுக்களையில், ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பயம் அங்கே ஓடி வருவதில்லை — உங்களுக்கு முன்பே வந்து காத்திருக்கிறது.

தையல்கடைப் படம் அந்த வகை. துறைமுக ஊர் ஒன்றில் ஒருத்தி கிழிசல் தைக்கிறாள். ஒரு நாள் யாரோ ஒரு சட்டையைக் கொடுத்து, கையைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். விரித்துப் பார்த்தால்... செத்துப்போன தம்பிக்கு அவளே தைத்துப் போட்ட சட்டை! அதைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு, மழையில் ஒரு பஸ் ஸ்டாப்பில் நிற்பாள். படத்தின் பெயரை இந்த முறை எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் எல்லோரும் அந்த பஸ் ஸ்டாப்பையே பார்ப்பீர்கள்.

செல்வி சொன்ன இடம் அதுதான். கதாநாயகிக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நிற்கிறது. சிலர் இறங்குகிறார்கள். கடைசியாக ஒருவர் இறங்கி, தொப்பி வைத்த மழைக்கோட்டில், நமக்கு முதுகைக் காட்டி நடந்து போகிறார். அவ்வளவே.

"முகமே தெரியலையேம்மா?"

"முகத்த வச்சா சார் ஆளக் கண்டுபிடிக்கோம்? இங்க பனி எறங்கிட்டா முகம் ஏது? வர்றது யாரு, போறது யாருன்னு நடையத்தான் பாப்போம். நான் எங்க வீட்டுக்காரர அப்பிடித்தான் பாத்தேன், கலியாணத்துக்கு முன்னாடி."

அவள் கணவர் இன்பராஜ் கொரியாவுக்குப் போனது ஒரு ஏஜென்ட் மூலம். கடலோரத்தில் மீன் காயப்போடுகிற வேலை. முதலில் வாரம் தவறாமல் பேசியிருக்கிறார். பிறகு அது குறைந்து, ஒரு நாளோடு நின்றே போயிற்று. ஏஜென்டின் போனும் அப்படியே. நான்கு வருடம் ஆகிவிட்டது. அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கொடுக்காத மனு இல்லை.

கொரியப் படம் பார்க்கத் தொடங்கியது கதைக்காக அல்ல. "அவரு இருக்க ஊரு எப்பிடி இருக்குன்னு தெரியணும்ல? எந்த மாதிரி கிண்ணத்துல சாப்பிடுவாரு, கட மேல என்ன எழுதியிருக்கும்..." பிறகு தெருக்களைப் பார்த்தாள். பிறகு தெருவில் போகிறவர்களை.

"இப்ப எதுக்கு சார் உங்கள கூப்புட்டேன்னா, வர்ற ஞாயித்துக்கெழம நினைவு ஆராதன வச்சிருக்காங்க. அவருக்கு. பெரியத்தான் முடிவு பண்ணிட்டாரு. அவரோட அண்ணன். அந்த ஆராதன நடந்துட்டா அப்புறம் அவரு செத்தவருதான் சார். யாரும் தேட மாட்டாங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்காரு. நீங்க சொன்னா கேப்பாரு."

"நான் அவரைப் பார்த்ததே இல்லையேம்மா..."

"கலியாண வீடியோ அனுப்புதேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

அனுப்பினாள். தேவாலய வாசலிலிருந்து ஜீப் வரை ஒரு மாப்பிள்ளை நடக்கிறார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே மழைநீர் ஓட வெட்டியிருக்கும் கானில் எப்போதோ விழுந்து அடிபட்ட காலாம். இடது பாதம் தரையைத் தொடுமுன் ஒரு கணம் தயங்கும், பிறகு மெல்ல வெளிப்பக்கமாகச் சாயும். வலது தோள் அதற்கு ஈடுகொடுத்து உயரும்.

பிறகு படத்தைப் போட்டேன். மழை. பஸ். மழைக்கோட்டுக்காரர் இறங்குகிறார்.

இடது பாதம் தயங்கியது. வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. வலது தோள் உயர்ந்தது.

"ஏனுங்க, பட்டப்பகல்ல எதுக்கு இப்புடி முழிக்கறீங்க?" என்றாள் என் மனைவி.

என் விரல் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தது. படம் வெளியான வருடம். கிடைத்தது... இன்பராஜ் கொரியாவுக்கு விமானம் ஏறியதற்கு மூன்று வருடம் முன்பு.

இதைப் போனில் எப்படிச் சொல்வது? எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வியாழக்கிழமை பொள்ளாச்சி, தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறிப் பீர்மேட்டில் போய் இறங்கினேன்.

மூன்று மணிக்கே பனி இறங்கியிருந்தது. தொழிலாளர் லயத்து வீடுகளின் வரிசையில் முதல் வீடு தெரிந்தது, இரண்டாவது பாதி தெரிந்தது, மூன்றாவது இல்லை. மேட்டில் யாரோ வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற செல்வி, நான் கேட்காமலே சொன்னாள்: "பெரியத்தான்."

எனக்கு ஒரு சாம்பல் நிறக் கறை மட்டும் தெரிந்தது. அந்தக் கறைக்குக் கால் முளைத்து, லுங்கி முளைத்து, கடைசியாக முகம் முளைத்தபோது... அவள் சொன்ன அண்ணன், தங்கராஜேதான்.

"வாங்க சார். கொரியாவுலேருந்து ஆள் வந்திருக்குன்னு லயமே பேசுது!" என்று சிரித்தார். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர். நல்ல உயரம். தம்பி மனைவியைத் 'தாயி' என்றுதான் கூப்பிட்டார்.

வீட்டுக்குள் சுவரோரம் செய்தித்தாளில் சுற்றிய சட்டகம் ஒன்று சாய்ந்திருந்தது. பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு. பிரிக்கக் கூடாது என்று செல்வி சொல்லியிருக்கிறாள். முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது என்பது, செய்தித்தாளை மீறியும், எப்படியோ தெரிந்தது.

"நான் கெட்டவன் இல்ல சார்," என்றார் தங்கராஜ், உட்காருவதற்குள். "அவளுக்கு முப்பத்திநாலு வயசு. எத்தன காலத்துக்கு இப்பிடி போன வச்சுக்கிட்டு ரோட்டுல போறவனையெல்லாம் பாத்துட்டு இருப்பா? ஒரு ஜெபத்த பண்ணி முடிச்சுட்டா, அழுது தீத்துட்டு, நாளைக்கு அவளுக்கும் ஒரு வழி பொறக்கும்ல?"

"எனக்கு வழி நான் பாத்துக்கிடுதேன். நீங்க உங்க தம்பிக்கு வழி பாருங்க," என்றாள் செல்வி, அடுப்படியிலிருந்து.

"பாத்தீங்களா சார்? இந்த வாயி அங்க கேட்டுத்தான் அவன் போனே பண்ணாம இருக்கானோ என்னவோ!"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். நான்கு வருடமாக இவர்கள் இப்படிச் சிரித்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள் போலிருக்கிறது.

தங்கராஜ் பக்கத்து வீட்டில் பால் வாங்கப் போனார். அந்த இடைவெளியில் நான் சொல்லிவிட நினைத்தேன். "செல்வி, அந்தப் படம் எப்போது வந்ததென்றால்..."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"அந்த வருசம் அவரு இங்கதான் இருந்தாரு. இதே வீட்ல. கால்ல அட்ட கடிச்சு ரத்தம் நிக்காம, நான்தான் சுண்ணாம்பு வச்சேன்." டம்ளரைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "ஆனா நடை அவரோடதுதான. நீங்களே பாத்தீங்கள்ல?"

பார்த்தேன்தான்.

"பெரியத்தான்ட்ட வருசத்த மட்டும் சொல்லாதீங்க. மத்தத அவரே பாத்துக்கிடட்டும்."

பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து அடுப்புப் புகையோடு கலந்தது. எது பனி, எது புகை?

தங்கராஜ் வந்தார். போனை அவர் கையில் கொடுத்தேன். கதாநாயகி நின்றாள். மழை பெய்தது. அவர் கண்கள் அவள்மேலேயே இருந்தன — நாம் எல்லோரும் பார்ப்பதுபோல. செல்வி குனிந்து, ஒரு விரலால் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

மழைக்கோட்டுக்காரர் இறங்கினார். நடந்தார்.

தங்கராஜின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. "ஏலே..." என்று கூப்பிட்டார். போனைப் பார்த்து. அடுத்த வரப்பில் போகிறவனைக் கூப்பிடுவதுபோல.

மழைக்கோட்டுக்காரர் திரும்பவில்லை.

தங்கராஜ் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "இது எப்ப எடுத்த படம் சார்?" என்றார்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் சுவரோரம் இருந்த சட்டகத்தைப் பார்த்தேன். ஒரு பொய்... சின்னப் பொய். ஞாயிற்றுக்கிழமை நின்றுவிடும். ஆனால் அதற்குப் பிறகு? அவர்கள் அந்தத் துறைமுக ஊரைத் தேடிப் போவார்கள். கடன் வாங்கியாவது போவார்கள். அந்தப் பொய் அவர்களோடு விமானம் ஏறும்.

"உங்கள் தம்பி அங்கே போவதற்கு மூன்று வருடம் முன்னால் எடுத்த படம்," என்றேன்.

செல்வி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் தெரிந்தது.

தங்கராஜ் கணக்குப் போடுவதுபோல மேலே பார்த்தார். போட்டு முடித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. நான் எதிர்பார்த்தது ஒரு பெருமூச்சு. 'கேட்டியா தாயி?' என்று ஒரு வார்த்தை.

அவர் போனை என்னிடம் நீட்டினார்.

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன். பிறகும் போடச் சொன்னார். அதன்பின் என்னைக் கேட்கவில்லை. அவர் விரலே பின்னோக்கித் தள்ளி, பஸ்ஸை மறுபடி நிற்கவைத்து, தம்பியை மறுபடி இறங்கவைத்தது. வெளியே வெளிச்சம் மங்கியது. ஒருவரும் விளக்கைப் போடவில்லை. அந்தச் சின்னத் திரையின் மழை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்து, ஓடி, விழுந்து, ஓடி...

பிறகு பாஸ்டருக்கு போன் பண்ணினார்.

"ஐயா, ஞாயித்துக்கெழம வேண்டாம்... இல்லைங்கய்யா, பணத்துக்கு இல்ல... தகவலா? தகவல் ஒண்ணும் வரல." கொஞ்சம் நிறுத்தினார். "அவன் நடக்கான்யா. நடந்து போறவனுக்கு எப்பிடி மால போட?"

மறுமுனையில் பாஸ்டர் என்ன சொன்னாரோ, தெரியவில்லை. செல்வி திரும்பவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது, அதை அணைக்கவும் அவள் அசையவில்லை.

நான் உண்மையைத்தான் சொன்னேன். சந்தேகமே இல்லாமல், வருடத்தோடு சொன்னேன். எந்தப் பொய்யும் இவ்வளவு கச்சிதமாக வேலை செய்திருக்குமா?

கிளம்பும்போது தங்கராஜ் பஸ் நிறுத்தம்வரை வந்தார். டார்ச் இருந்தும் அடிக்கவில்லை. ஏறப்போகும் நேரத்தில், காதோரம், கூச்சத்தோடு கேட்டார்:

"சார், நல்ல கொரியப் படமா இன்னும் கொஞ்சம் சொல்லுங்க. புதுசா பாக்கிறவனுக்குப் புரியுற மாதிரி. கத எப்பிடி இருந்தாலும் பரவாயில்ல. தெருவு வரணும், சந்த வரணும், பஸ் ஸ்டாண்டு வரணும்."

நான் ஏழெட்டு வருடமாக ஊருக்கெல்லாம் படம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடிப்புக்காகக் கேட்டிருக்கிறார்கள், பயத்துக்காகக் கேட்டிருக்கிறார்கள், அழுவதற்காகக்கூடக் கேட்டிருக்கிறார்கள். கூட்டத்துக்காகக் கேட்டவர் இவர் ஒருவர்தான். ஊர் திரும்பியதிலிருந்து அவருக்காக ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய படங்கள், பலமுறை பார்த்த படங்கள்தான். ஆனால் இத்தனை பேர் அவற்றில் நடந்து போகிறார்கள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. மீன் கடைக்குப் பின்னால், ரயில் கண்ணாடியில், கொலை நடக்கும் தெருவின் கடைசியில்... யாருக்கும் முகம் இல்லை. எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிறார்கள். யாரோ ஒருத்தி எங்கேயோ அவர்களைத் தேடிக்கொண்டிருப்பாள்.

நேற்று மத்தியானம் ஒரு படம் பார்த்து முடித்தேன். "நல்லா இருந்துதுங்களா? யாரு ஹீரோ?" என்று கேட்டாள் மனைவி.

யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.