ஆடு நின்ற கல்

மட்டாஞ்சேரியிலிருந்து வரையாடு பார்க்க ஒரு கூட்டமாக வேனில் மலைக்குப் போனோம். என் பக்கத்தில் மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர். கழுத்து தோளுக்குள் இறங்கியிருந்தது. நான் வழியெல்லாம் வரையாட்டைப் பற்றிப் பொழிந்துகொண்டு வந்தேன். அவர் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வனப் பூங்கா வாசலில் சோதனை போட்டபோது அந்தப் பையிலிருந்து சூடமும் தீப்பெட்டியும் வந்தன. காட்டுக்குள் நெருப்புக் கூடாது என்று காவலர் வாங்கி வைத்துக்கொண்டார். நியாயம்தானே என்று நினைத்தேன்.

மேலே, பாதையோரக் கயிற்றுக்கு அப்பால், சரிவில் கிடந்த ஒரு கல்லின்மேல் ஆடு ஏறி நின்றது.

"சேட்டா, கொஞ்சம் மாறுங்க, மறைக்குது!" என்று கத்திக்கொண்டே படமெடுத்தேன்.

அவர் நகர்ந்து நின்றார். "அந்தக் கல்லுதான் எங்கம்மாவப் பொதச்ச எடம் தம்பி. அப்ப இங்கதான் எங்க எஸ்டேட்டு வீடு இருந்துச்சு. பூங்கா ஆக்குனப்ப எல்லாத்தையும் இடிச்சுப் புல்லப் போட்டு மூடிட்டாங்க."

"அய்யோ! கிட்டப் போய்க் கும்பிட விடுவாங்களான்னு கேட்டு நோக்கட்டா?"

"வருசா வருசம் கேக்கறேன். ஆடு மெரண்டுடுமாம்."

திரும்பும்போது அவராகவே பேசினார். "அந்தப் படத்த எனக்கு அனுப்பு. ஆட்ட மட்டும் எடுத்துரு."

வீட்டில் உட்கார்ந்து கைபேசிச் செயலியில் செய்துபார்த்தேன். ஆட்டை அழித்தால் செயலி கல்லையும் சேர்த்து அழித்துவிட்டு, அங்கே பச்சைப் புல்லை நிரப்பித் தந்தது. எத்தனை முறை செய்தாலும் அதேதான்.

மறுநாள் கிடங்குக்குப் போய் அதைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"நீயும் புல்லப் போட்டு மூடிட்டியே தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.