முப்பது பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு இட்லி

பதினொன்றாம் வகுப்பில் எனக்குப் புள்ளியியல் பிடித்ததற்குக் காரணம் புள்ளியியல் அல்ல. வரைபடம் போடும் கால்குலேட்டர். மதுரையில் காளவாசல் தாண்டி இருந்த எங்கள் வெளிநாட்டுப் பாடத்திட்டப் பள்ளியில் அப்படி ஆறு இருந்தன. அவற்றைப் பீரோவில் பூட்டி, சாவியைப் புள்ளியியல் மிஸ் தன் கைப்பையில் வைத்திருப்பார். சரஸ்வதி பூஜைக்கு ஆறுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. என் கைக்கு வரும் நான்காம் நம்பரில் குங்குமம் பொத்தான் இடுக்கில் இறங்கி, ஏழாம் எண்ணை அழுத்தினால் சில சமயம் எழுபத்தேழு விழும். இருந்தாலும், எண்களைப் போட்டதும் திரையில் புள்ளிகள் முளைத்து, நடுவே ஒரு கோடு தானாக ஓடும்போது எனக்குப் புல்லரிக்கும்.

வருடக் கடைசியில் ஆளுக்கொரு ப்ராஜெக்ட். இரண்டு விஷயங்களை அளந்து, அவற்றுக்குள் தொடர்பு உண்டா என்று கண்டுபிடிக்க வேண்டும். "டேட்டாவ வீட்ல ஒக்காந்து நீங்களா எழுதுனது தெரிஞ்சா ஜீரோ. அடுத்த வருஷம் இந்தப் பாடத்துலயே ஒக்கார விட மாட்டேன்" என்றார் மிஸ். சொன்னால் செய்கிறவர். முந்தைய வருடம் ஒருவனைப் பொருளாதாரத்துக்குத் துரத்தியிருந்தார்.

நான் எடுத்துக்கொண்டது இட்லியும் உயரமும். அதிக இட்லி தின்கிற பிள்ளை அதிக உயரமா? வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பும் நோட்டுமாக இறங்கிவிட்டேன். உயரத்தை நானே அளந்தேன். இட்லிக் கணக்கை அம்மாக்களிடம் கேட்டேன். சறுக்கியது அங்கேதான்.

"எங்க தாயி திங்கிறான்! எம்புட்டு கெஞ்சுனாலும் ரெண்டுக்கு மேல எறங்க மாட்டேங்குது" என்றார் முதல் வீட்டு அக்கா. அவர் முதுகுக்குப் பின்னால் பையன் முழங்கை வரை சட்னி வழிய அடுத்த இட்லிக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தான். பதில் சொல்பவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டும், நம் அபிப்பிராயத்தைக் கலக்கக் கூடாது என்பது பாடம். இரண்டு என்று எழுதினேன்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தமிழ். எங்கள் வீடு உட்பட மீதியில் சௌராஷ்டிரம். மொழி மாறியது, எண் மாறவில்லை. ஒரு வீட்டில் நான் வாசற்படி இறங்குவதற்குள் உள்ளே அடுப்பில் மிளகாய் வெடித்தது. "நெடியே வரல பாத்தியா, அம்புட்டுக் கண்ணு!" என்று அந்த அம்மா யாரிடமோ சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கண் என்னுடையதுதான். கடைசியாக என் வீட்டில் கேட்டேன். ஆறாவது இட்லியை என் தட்டில் வைத்துக்கொண்டே, நான் இரண்டுதான் சாப்பிடுகிறேன் என்று அம்மா வருத்தப்பட்டாள். அந்த வருத்தம் நிஜம் என்பதுதான் ஆச்சரியம்.

திங்கட்கிழமை வகுப்பில் முப்பது பேரையும் ஏற்றி வரைபடம் போட்டேன். முப்பது புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொடிக்கம்பம்போல் நட்டுக்கொண்டு நின்றன. கோடு கேட்டேன். கால்குலேட்டர் பிழை என்று சொல்லிவிட்டது.

மிஸ் நோட்டைப் புரட்டினார். "முப்பது பேருக்கும் ரெண்டா? ஏம்மா, இந்த மதுரையில மூணாவது இட்லிய யாருமே திங்கலையா?"

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை, சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"சத்தியமா வீடு வீடா ஏறி இறங்கினேன் மிஸ்."

"அப்ப பொய் சொல்றது யாரு? முப்பது அம்மாவுமா?"

ஆமாம் என்று எப்படிச் சொல்வது? முப்பதில் ஒருத்தி என் அம்மா. செய்யாத களவுக்கு மாட்டிக்கொண்ட ஆத்திரத்தில் கண் கலங்கியது. அடுத்த வருடம் நான் பொருளாதாரப் புத்தகத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது கண் முன்னால் தெரிந்தது. மிஸ்ஸின் மகன் எங்கள் பள்ளியில்தான் எட்டாம் வகுப்பு படித்தான். மதியம் மணி அடித்ததும் தன் டப்பாவைக் காலி செய்துவிட்டு எங்கள் வகுப்புக்கு வந்து, பெஞ்சு பெஞ்சாக எங்கள் டப்பாக்களையும் காலி செய்வான். மிஸ்ஸைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"மிஸ், தம்பி காலையில எத்தன இட்லி சாப்பிடுவான்?"

"அவன் எங்கம்மா சாப்பிடுறான், ரெண்டு வச்சாலே..."

பேனா அந்தரத்தில் நின்றது. கடைசி பெஞ்சில் தொடங்கிய சிரிப்பு கூரையைத் தூக்கிவிட்டது. மிஸ்ஸின் முகம் சிவந்து, உதடு கோணி, கடைசியில் அவரும் சிரித்தார். பேனாவை மூடினார்.

"இந்த டேட்டா ஏன் இப்படி வந்துச்சுன்னு ரெண்டு பக்கம் எழுது. அதான் உன் ப்ராஜெக்ட். அடுத்த வருஷம் இங்கதான் ஒக்காருற" என்றார். எனக்கு உயிர் திரும்பியது.

கால்குலேட்டரை என் பக்கம் நகர்த்தினார். "முப்பத்தொண்ணாவதா எம் பையனையும் ஏத்திக்க. இட்லி ரெண்டு." ஒரு கணம் யோசித்தார். "ஒசரம் நூத்தம்பதுன்னு போடு."

தம்பி என்னைவிட நாலு விரல் உயரம். நான் நூற்று அறுபது சென்டிமீட்டர். மறுபேச்சில்லாமல் நூற்றைம்பது என்று அழுத்தினேன்.