திரும்பி வந்ததற்கு அத்தாட்சி

முத்துச்செல்வி திரும்பி வந்துவிடுவாள் என்பதில் இலஞ்சியில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மூன்று முறை வெளிநாடு போய், மூன்று முறையும் வந்தவள். சந்தேகப்பட்டது அவளைப் போட்டிகளுக்கு அனுப்புகிற மாற்றுத்திறனாளி விளையாட்டுச் சங்கம்தான். அதற்குக் காரணம் ஜெனி.

ஜெனி வட்டு எறிபவள், தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. முத்துச்செல்வியைப் போலவே சிறுவயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவள். போலந்தில் நடந்த போட்டியின்போது இருவருக்கும் ஒரே அறை. ஊருக்குக் கிளம்ப வேண்டிய காலையில் முத்துச்செல்வி விழித்துப் பார்த்தால் பக்கத்துக் கட்டில் காலி. நாட்டின் பெயர் போட்ட சட்டை மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஜெனி இப்போது அங்கே காளான் தொழிற்சாலை ஒன்றில் உட்கார்ந்தபடியே பெட்டி கட்டுகிறாள். எவனும் தூக்கிவிடாமல் தானே பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போவதைத்தான் ஒவ்வொரு முறையும் போனில் சொல்லுவாள். சம்பளத்தைப் பற்றிக்கூட அவ்வளவு பேசமாட்டாள்.

ஜெனி அப்படிப் போன பிறகு சங்கம் ஒரு விதி போட்டது. போகிறவர் திரும்பி வருவார் என்று, சொத்துள்ள உறவினர் ஒருவர் ஜாமீன் எழுதித் தர வேண்டும். வந்த மூன்று நாளுக்குள் படம் ஒன்று அனுப்ப வேண்டும். 'சொந்த வீட்டு வாசலில் நின்று எடுத்த படம்' என்றே அந்தத் தாளில் அச்சடித்திருந்தது.

இத்தாலியில் நடக்கிற போட்டியில் குண்டு எறிய முத்துச்செல்வி தேர்வானபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. இன்னொரு போட்டிக்குத் தோள் தாங்காது என்று அவளுக்கே தெரியும். சொத்துள்ள உறவு என்று இருந்தது அண்ணன் வேல்ராஜ் ஒருவன்தான். போலீஸில் ஏட்டு. அப்பா விட்டுப்போன வீட்டில் இருவருக்கும் பாதிப் பாதி.

வேல்ராஜ் பத்து நாள் பிடிகொடுக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவளெதிரே வந்து உட்கார்ந்தான்.

"நீ வராமப் போயிட்டா எனக்குக் கேஸாகும் செல்வி, வேலைக்கே ஆபத்து. எதை நம்பிக் கையெழுத்துப் போடச் சொல்லுத?"

"மூணு தடவ வந்திருக்கேம்லா அண்ணே."

"அந்த ஜெனியும் அதுக்கு முந்தி வந்துக்கிட்டு இருந்தவதான்."

வீட்டில் அவளுடைய பாதியை அவன் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் ஜாமீன் போடுவதாகச் சொன்னான். கீழறை எப்போதும் அவளுக்குத்தான், கூடப்பிறந்தவளுக்கு அதையெல்லாமா எழுதிவைப்பார்கள் என்று மதினி உமா மகேஸ்வரி அடுக்களையிலிருந்தே கேட்டாள்.

பத்திர எழுத்தரின் அறை மாடியில் இருந்தது. வேல்ராஜே அவளைத் தூக்கிக்கொண்டு படியேறினான். மனமுவந்து எழுதிக் கொடுப்பதுதானே என்று எழுத்தர் கேட்டார். ஆமாம் என்றாள். அந்த வீட்டில் தனக்கு இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். அதே வீட்டுக்குத் தங்கை கட்டாயம் திரும்பி வருவாள் என்று இன்னொரு தாளில் அண்ணன் போட்டான்.

இத்தாலியில் இடுப்பை நாற்காலியோடு பெல்ட்டால் இறுக்கிக்கொண்டு ஆறு முறை எறிந்தாள். பதினோரு சென்டிமீட்டரில் வெண்கலம் கைநழுவியது. அன்று சாயங்காலம் ஜெனி பேசினாள். தன் பக்கத்து அறை காலியாக இருக்கிறது, போலந்துக்குப் பஸ்ஸிலேயே வந்துவிடலாம் என்றாள்.

"வந்துரு பிள்ள. அங்கன உனக்கு என்ன இருக்கு?"

"அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்குல்லா" என்றாள் முத்துச்செல்வி.

அவள் வந்து இறங்கியது ஆனி மாதம், நல்ல சாரல். தென்காசி ஸ்டேஷனிலிருந்து அவளை வழக்கமாக ஏற்றிப்போகிற பரீது தன் ஆட்டோவில் கூட்டிவந்தான். சக்கர நாற்காலியை விரித்து அவளை உட்காரவைத்தபோதுதான் வாசலில் நின்ற சென்னைக் காரைப் பார்த்தாள். அவளுடைய அறைச் சன்னல் கம்பியில் யாருடையதோ ஈரத் துண்டுகள். குற்றால அருவியில் குளிக்க வந்தவர்களுக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்தார்கள். முதல் பதக்கம் வந்த வருஷம் அவளுக்கென்று கட்டிய வெஸ்டர்ன் கக்கூஸ் அந்த அறையில்தான் இருந்தது. பட்டணத்து ஆட்கள் அதைக் கேட்டுத்தான் வருகிறார்களாம். அவள் நாற்காலி ஏறுகிற சிமெண்டுச் சரிவையும், கார் உள்ளே வர இடைஞ்சல் என்று உடைத்திருந்தார்கள்.

சீசன் முடியட்டும், இரண்டு மாதம்தானே என்றாள் மதினி.

வேல்ராஜ் டியூட்டிக்குப் புறப்பட்டு வெளியே வந்தான். முதலில் படத்தை எடுத்துவிடுவோம் என்றான். படத்தில் கார் விழாமல் கதவு எண் தெரிகிற மாதிரி நாற்காலியைத் தள்ளி நிறுத்தினான். சாரலில் நனைந்திருந்த அவள் முகத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்தும் விட்டான். கொஞ்சம் சிரி என்றான். சிரித்தாள். படத்தை அனுப்பியதும் சங்கத்திலிருந்து பதில் வந்தது. ஜாமீன் முடிந்தது என்று அவளுக்கும் வாசித்துக் காட்டினான்.

பைக்கைக் கிளப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தவன்போலத் திரும்பினான்.

"சரி, இனி நீ எங்கன போவ?"

பரீது பெட்டியை இறக்காமல் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தான்.